சாம்பிராணிப் புகையும் பின்னொளியும்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையில் நடந்து போகிறவர்களில் பலர் கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். மேலே ஒளியூட்டு வளைவுகள், பக்கத்தில் பூக்கடையின் மஞ்சள் பல்பு, காலடியில் அப்போதுதான் மழை விட்ட தரை. கண்ணுக்கு அது சினிமா. வீட்டுக்குப் போய்ப் படத்தைத் திறந்தால் சப்பென்று இருக்கிறது. எல்லாம் தெரிகிறது: கடைக்குள் அடுக்கிய எவர்சில்வர் தூக்குகள், எதிர்ச்சாரி மாடியில் தொங்கும் குளிர்சாதனப் பெட்டி, கடைவாசல் ஐந்தடிநடையில் சாய்த்து வைத்த துடைப்பம் வரை. அதே இடத்தில் கைதேர்ந்த ஓர் ஒளிப்பதிவாளர் கேமராவை நிறுத்தினால் நடப்பது வேறு. நாம் கண்ணால் பார்த்ததைவிடக் குறைவாகத்தான் அவர் படத்தில் தெரியும்; ஆனால் அது மனத்தில் ஒட்டிக்கொள்ளும். இடமும் விளக்கும் ஒன்றாக இருக்க, படம் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

கேமராவின் விலையைக் காரணம் சொல்வது வழக்கம். அது பொருந்தாது. தேக்காவிலிருந்து அதிகத் தொலைவில்லாத பாலஸ்டியரில், ஜாலான் அம்பாஸ் என்ற சின்னத் தெருவில், ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்புக்கூடம் 1947 முதல் 1967 வரை இயங்கியது. நடிகர் பி. ரம்லீயை நட்சத்திரமாக்கிய இடம் அது. பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், பணி மஜும்தார் என்று அங்கே படம் இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். போட்டி நிறுவனமான கேத்தே-கெரிஸுக்கு பி. என். ராவ் 1957-இல் எடுத்த 'பொந்தியானாக்' ஒரு பேய்ப்பட அலையையே கிளப்பிவிட்டது. அன்றைய பிலிமின் ஒளியுணர்வை இன்றைய கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால் அது அரைக்குருடு. அந்த அரைக்குருட்டுப் பிலிமில்தான் இவர்கள் நிலவொளியையும் நள்ளிரவுப் பயத்தையும் காட்டினார்கள். ஆகவே கருவியின் திறமை இங்கே பெரிய விஷயமே இல்லை. அளவுக்கு மீறிய திறமைதான் தொல்லை.

நீங்கள் பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது கைத்தொலைபேசி ஒரே ஒரு படத்தோடு நிற்பதில்லை. நொடிக்குள் பல படங்களை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கி, இருண்ட பகுதிகளைத் தூக்கிவிட்டு, பளிச்சென்ற பகுதிகளை அடக்கி, சமன் செய்த ஒரு படத்தை உங்களிடம் தருகிறது. எந்த மூலையும் கறுத்துப்போகக்கூடாது என்பது அதற்குச் சொல்லிவைத்த கட்டளை. விருந்தாளியின் இலையில் துளி இடம் காலியாக இருந்தாலும் பொறுக்காமல் கூட்டையும் பொரியலையும் அள்ளிவைக்கும் பெரியம்மாவின் அன்பு அது. ஆவணத்துக்கு நல்லது. சூழலுணர்வுக்கு எமன்.

நம் கண் அப்படி வேலை செய்வதில்லை. விழித்திரையில் இருவகை ஒளியுணர் செல்கள் உண்டு. நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கும் கூம்புச் செல்கள் ஏறக்குறைய 60 லட்சம். மங்கலில் விழித்தெழும் குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. நாம் எதை உற்றுப் பார்க்கிறோமோ அதன் பிம்பம் விழும் நடுக்குழியில் குச்சிச் செல்களே கிடையாது. இரவுத் தெருவில் பல்புக்குக் கீழே மாலை கட்டும் கையைப் பார்க்கும்போது கூம்புகள் அந்தக் கையை மட்டும் கூர்மையாகப் பிடிக்கின்றன. சுற்றியுள்ள மங்கல் குச்சிச் செல்களின் கணக்கில், நிறமும் விவரமும் இல்லாமல் ஓரத்தில் நிற்கிறது. குச்சிச் செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். கடைக்குக் கடை பல்பு எரியும் தெருவில் அந்த அவகாசம் அவற்றுக்குக் கிடைப்பதே இல்லை. ஆகவே தேக்காவின் இரவு நமக்கு எப்போதும் ஒளித்தீவுகளும் இடையில் இருள்கடலுமாகவே தெரிகிறது. அந்தக் கடலைக் கைத்தொலைபேசி தூர்த்துவிடுகிறது. ஒளிப்பதிவாளர் அதைக் காவல் காக்கிறார்.

காவலுக்கு அவருக்குத் துணை நிற்பது பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு விதி. விளக்கிலிருந்து தொலைவு இருமடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். எதிர்த்தகவு இருமடி விதி என்று பாடநூல் சொல்லும். தேக்காவின் கேம்பல் லேன் பூக்கடையில் பல்புக்கு அரை மீட்டர் தள்ளி ஒரு முகம், இரண்டு மீட்டர் தள்ளி ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் நான்கு மடங்கு தொலைவில் இருக்கிறது. அதில் விழும் ஒளியோ முகத்தில் விழுவதில் பதினாறில் ஒரு பங்கு. முகத்துக்கு அளவாக வெளிச்சத்தை வைத்தால் சுவர் தானாகவே இருளில் மூழ்கும். 'காட்ஃபாதர்' (1972) படத்தில் கார்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேலே தொங்கவிட்டுக் கண்களையே நிழலில் மறைத்தார். 'நாயகன்' (1987) படத்தில் பி. சி. ஸ்ரீராம் முகத்தில் பாதியை இருட்டுக்குக் கொடுத்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். எதைக் காட்டாமல் விடுவது என்று முடிவு செய்தவர்கள் இவர்கள்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: புகை.

வெறும் காற்றில் செல்லும் ஒளிக்கற்றையைப் பக்கத்திலிருந்து பார்க்க முடியாது. ஒளி நம் கண்ணுக்குள் வந்து விழுந்தால்தான் தெரியும். பக்கவாட்டில் தன் வழியே போகிற ஒளிக்கு நம்மிடம் வேலை இல்லை. வழியில் ஏதாவது அதைத் தட்டித் திருப்பி நம் பக்கம் அனுப்ப வேண்டும். இதைத்தான் ஒளிச்சிதறல் என்கிறோம். 1860-களின் இறுதியில் லண்டனில் ஜான் டின்டால் இதைக் கண்ணெதிரே காட்டினார். தூசியை முற்றாக நீக்கிய காற்றை அடைத்த கண்ணாடிக் குழாயின் வழியே பலத்த ஒளிக்கற்றையைச் செலுத்தினார். குழாய்க்கு வெளியே, அறைக்காற்றில், கற்றை பளிச்சென்று தெரிந்தது. குழாய்க்குள் அது இருந்த இடமே தெரியவில்லை. மறுபுறம் வெளியே வந்ததும் மீண்டும் தெரிந்தது. கூரை ஓட்டை வழியே இறங்கும் சூரியக்கற்றை என்று நாம் நினைப்பது உண்மையில் தூசி போட்ட கோலம் என்பது அப்போது உறுதியானது.

இதை வீட்டிலேயே ஒரு படி மேலே கொண்டுபோகலாம். அறையை இருட்டாக்கி, மேசைமேல் ஊதுபத்தி ஏற்றிவையுங்கள். கைவிளக்கை உங்கள் பக்கத்திலிருந்து புகையை நோக்கி அடித்தால் புகை மெலிந்து, மங்கலாகத் தெரியும். இப்போது வேறொருவரை மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லி, புகைக்குப் பின்னாலிருந்து உங்களை நோக்கி, விளக்கு நேராகக் கண்ணில் படாதபடி சற்றே சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள். அதே புகை, அதே விளக்கு. ஆனால் ஒவ்வொரு சுருளும் வெள்ளிக் கம்பியாக எரியும்.

காரணம் துகளின் அளவில் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 மைக்ரானிலிருந்து 0.7 மைக்ரான் வரை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள், காற்றின் மூலக்கூறு போன்றது, தன்மேல் பட்ட ஒளியை முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும்; அதிலும் நீலத்தை அதிகமாக. பகல் வானம் நீலமாக இருப்பது அதனால். துகளின் அளவு அலைநீளத்தை எட்டும்போதோ அதைத் தாண்டும்போதோ கதை மாறுகிறது. சிதறும் ஒளியில் பெரும்பகுதி, ஒளி எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையை ஒட்டியே விலகிப் போகும். இதற்கு முன்சிதறல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் மீ 1908-இல் இதன் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டினார். அவருக்கு அப்போது இருந்த சந்தேகம் சினிமாவைப் பற்றியதல்ல: நுண்ணிய தங்கத் துகள் கலந்த நீருக்கு ஏன் மாணிக்கச் சிவப்பு என்பதுதான்.

ஊதுபத்திப் புகையின் துகள்களும், சாம்பிராணிப் புகையின் துகள்களும், படப்பிடிப்புத் தளத்தில் "ஸ்மோக் போடுங்க" என்ற குரலுக்குப் பிறகு பரவும் நுண்துளிகளும் ஒளியின் அலைநீளத்துக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ அளவு உள்ளவை. ஆகவே அவை ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கித்தான் தள்ளும். விளக்கு துகளுக்குப் பின்னால், கேமரா துகளுக்கு முன்னால் என்று நின்றால் அந்த முன்சிதறல் நேராக லென்ஸுக்குள் வரும். ஒளிப்பதிவாளர்கள் சொல்லும் பேக் லைட், தமிழில் பின்னொளி, இதைத்தான் அறுவடை செய்கிறது. 'அக்னி நட்சத்திரம்' (1988) வந்தபோது பி. சி. ஸ்ரீராம் கேமராவை விளக்குக்கு நேர் எதிரே வைக்கிறார் என்று வியந்து பேசினார்கள். இயற்பியல் அவர் பக்கம் இருந்தது. பேருந்தின் முன்கண்ணாடியை நினைத்துப் பாருங்கள்: சூரியனுக்கு முதுகைக் காட்டி ஓடும்போது சுத்தமாகத் தெரியும் கண்ணாடி, மாலையில் மேற்கே திரும்பியதும் தூசிப்படலமாகிவிடும். கண்ணாடி மாறவில்லை, ஒளி வரும் பக்கம் மாறிவிட்டது.

சிங்கப்பூரின் காற்று இந்த விளையாட்டுக்குக் கூடுதல் ஒத்தாசை செய்கிறது. இங்கே ஈரப்பதம் இரவில் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். உப்புத்துகள், புகைத்துகள் பலவும் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பருத்த துகள் இன்னும் அதிகமாக ஒளியைச் சிதறடிக்கும். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் மாலைப் பூசை நேரத்தில் எழும் புகை, எதிர்ச்சாரிக் கடைவிளக்கின் முன்னே கடக்கும்போது அவ்வளவு தடிமனாகத் தெரிவதில் இதற்கும் பங்கு இருக்கிறது. ஆனால் எல்லாப் புகையும் அழகல்ல. 2013 ஜூன் 21 அன்று அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டத்தில் காற்றின் மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. சூரியன் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய செம்பழமாகத் தொங்கியது. படம் எடுத்தவர்கள் அத்தனை பேரின் படமும் அன்று சினிமாத்தனமாக வந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு எடுத்தார்கள்.

நிழலின் விளிம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய விளக்கு கத்தி வெட்டியதுபோன்ற நிழலைத் தரும்; பெரிய ஒளிமூலம் கரைந்து போகும் நிழலைத் தரும். பொருள் ஒன்று பெரிய ஒளிமூலத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் இடத்தில் பாதி வெளிச்சமும் பாதி இருளுமாக ஒரு பட்டை உண்டாகிறது, இது அரைநிழல். ஒளிமூலம் பெரிதாகப் பெரிதாக அரைநிழல் அகலமாகும். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்கு காசி வீட்டின் முற்றத்தைப் படப்பிடிப்புத் தளத்திலேயே கட்டினார்கள். முற்றத்தில் விழும் வானொளிக்கு நிழலே இருக்காது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா தளத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, துணி திருப்பித் தந்த ஒளியில் படமெடுத்தார். துணி முழுதும் ஒரே விளக்காகிவிட்டது. இன்று தமிழ்ப் படப்பிடிப்பில் ஆளுக்கு ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

தேக்காவில் இந்த ஏற்பாடு கட்டடக்கலையாகவே அமைந்திருக்கிறது. ராஃபிள்ஸின் 1822-ஆம் ஆண்டு நகர விதிகளால் வந்தது, கடைகளின் முன்னே கூரையோடு ஓடும் ஐந்தடிநடை. நடுப்பகலில் பூமத்தியரேகைக்கு அருகில் சூரியன் உச்சந்தலையில் நிற்கும்; தெருவில் நிற்பவரின் கண்கள் குழிவிழுந்து தெரியும். ஐந்தடிக்குள் ஓர் அடி எடுத்து வைத்தால் மேலிருந்து வரும் வெயிலைக் கூரை தடுத்துவிடும். ஒளி பக்கவாட்டில், வெளுத்த சாலையிலும் எதிர்ச்சாரிச் சுவரிலும் பட்டுத் திரும்பி, மெல்ல முகத்தில் விழும். ஸ்டூடியோ வாடகைக்கு எடுத்தாலும் இதைவிட நல்ல ஒளி கிடைப்பது அரிது. கெர்பாவ் சாலையில், 1900-இல் கட்டிய டான் டெங் நியா வீட்டின் பல வண்ணப் பலகைகளுக்கு அருகில் நின்றால் அந்த வண்ணமும் கன்னத்தில் ஏறும். 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தின் ஒளி ஊடுருவும் முகப்பு இரவில் உள்ளிருந்து ஒளிரும்போது கேம்பல் லேனுக்கே ஒரு பெரிய மென்விளக்காகிவிடுகிறது.

அடுத்து மழை. உலகெங்கும் இரவுக் காட்சி எடுப்பவர்கள் தண்ணீர் லாரியை வரவழைத்துச் சாலையை நனைப்பார்கள். அக்டோபர், நவம்பரில் சிங்கப்பூரில் அந்தச் செலவைப் பெரும்பாலும் வானமே ஏற்றுக்கொள்கிறது. உலர்ந்த தார்ச்சாலை கரடுமுரடானது; பட்ட ஒளியை எல்லாப் பக்கமும் இறைக்கும், அதனால் சாம்பலாகத் தெரியும். நனைந்ததும் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. நீர்ப்படலம் பள்ளங்களை நிரப்பி வழவழப்பாக்குவதால் மேற்பரப்பு கண்ணாடியாகி விளக்குகளைப் பிரதிபலிக்கிறது. அதே நேரம் சாலை கறுக்கிறது. ஏன் கறுக்க வேண்டும்? ஸ்வீடன் நாட்டு ஆன்டர்ஸ் ஓங்ஸ்ட்ரோம் 1925-இல் தந்த விளக்கம்: நீர்ப்படலத்துக்குள் புகுந்து சாலையில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு பகுதி, வெளியே வர முயலும்போது நீரின் மேற்பரப்பிலேயே முழுதாகத் திரும்பி மீண்டும் சாலைக்கே போகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது. தரை கறுப்பு, விளக்கின் பிம்பம் பளிச். ஒரே மழையில் இருளும் கூடுகிறது, ஒளியும் கூடுகிறது. நீரின் சிற்றலைகள் பிம்பத்தை நம்மை நோக்கி நீட்டி இழுப்பதால்தான் ஒரு பல்பு சாலையில் நீண்ட தூரிகைக் கீற்றாக விழுகிறது.

இந்தப் பிரதிபலிப்பை அழிக்கவும் முடியும். நீரில் பட்டு ஏறக்குறைய 53 பாகைக் கோணத்தில் திரும்பும் ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அமைந்துவிடும். முனைவாக்கம் என்று இதைச் சொல்வார்கள். ஒரு முனைவாக்கத் தகட்டை லென்ஸுக்கு முன் வைத்துத் திருப்பினால் அந்த ஒளி காணாமல் போகும். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து எஸ். எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பும்போது செய்தது இதைத்தான். முனைவாக்கும் நிக்கோல் பட்டகம் ஒன்றால் கடலின் மேற்பரப்பில் பிரதிபலித்த வானத்தை அணைத்துவிட்டு, அதற்கு அடியிலிருந்து வரும் நீலத்தைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதி மட்டும் என்றிருந்த கருத்து அந்தச் சின்னப் பட்டகத்தில் உடைந்தது. தேக்காவில் படமெடுப்பவருக்கு இதில் கிடைக்கும் பாடம் தலைகீழ்: மழைக்குப் பிறகு முனைவாக்க வடிப்பானைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள்.

கடைசியாக நிறம். சினிமாவில் இரவென்றால் நீலம். பகல் வெயிலில் எடுத்து வெளிச்சத்தைக் குறைத்து நீலம் ஏற்றி இரவாக்குவதற்குப் படக்குழுவினர் "டே ஃபார் நைட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நிலவொளி நீலமே அல்ல. நிலவின் பரப்பு சிவப்பு ஒளியைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே நிலவொளி சூரிய ஒளியைவிடச் சற்றே சிவப்பு. நிறமாலையை அளந்தவர்கள் சொன்னது இது. நம்பிக்கை இல்லாவிட்டால், பௌர்ணமி இரவில் கேமராவை முக்காலியில் வைத்து அரை நிமிடம் ஒளியை வாங்கவிடுங்கள். வரும் படம் பகல்போல இருக்கும், நீல வானத்தோடு.

பிறகு ஏன் நமக்கு நிலவு நீலமாகத் தோன்றுகிறது? 1825-இல் செக் அறிஞர் யான் புர்கின்யே ஒன்றை எழுதிவைத்தார்: பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, விடியலின் மங்கலில் கறுத்துப்போகிறது; நீலம் முந்திக்கொள்கிறது. கூம்புச் செல்களின் உணர்திறன் உச்சம் 555 நானோமீட்டரில், மஞ்சள் கலந்த பச்சையில். குச்சிச் செல்களின் உச்சம் 507-இல், நீலம் கலந்த பச்சையில். வெளிச்சம் குறையக் குறையப் பொறுப்பு குச்சிகளிடம் போய்ச்சேர, நீலப்பக்கம் ஓங்குகிறது. குச்சிகளால் நிறத்தைச் சொல்ல முடியாது என்றாலும் அவற்றின் செய்தி கூம்புகளின் வழித்தடத்திலேயே மூளைக்குப் போவதால் ஒரு நீலச்சாயை ஒட்டிக்கொள்கிறது என்பது விளக்கங்களில் ஒன்று. சினிமாவின் நீல நிலவு நிலவைப் பற்றிப் பொய் சொல்கிறது. நம் கண்ணைப் பற்றி உண்மையைச் சொல்கிறது. கறுப்பு வெள்ளையில் இந்த வசதியும் இல்லாமல் 'மாயா பஜார்' (1957) படத்தில் மார்கஸ் பார்ட்லி நிலவைக் காட்டினாரே, அதற்கு இன்றும் ரசிகர்கள் இருப்பது நியாயந்தான்.

அந்தியின் நீலமோ அசல் நீலம். சூரியன் மறைந்தபின் உச்சிவானம் ஆழ்ந்த நீலமாக இருப்பதற்குக் காற்றின் சிதறல் மட்டும் போதாது என்று 1953-இல் எட்வர்ட் ஹல்பர்ட் காட்டினார். அடிவானத்தை ஒட்டி நீண்ட வழி கடந்து வரும் ஒளியிலிருந்து ஓசோன் மஞ்சளையும் செம்மஞ்சளையும் விழுங்கிவிடுகிறது, மிஞ்சுவது நீலம். அந்த நீலத்துக்குக் கீழே கடைகளின் மஞ்சள் பல்புகள் எரிந்தால் நீலமும் செம்மஞ்சளும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஹாலிவுட் சுவரொட்டிகள் பலவற்றில் இருக்கும் நிறச்சேர்க்கை இது. தேக்காவில் மேகமில்லாத எந்த மாலையிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சுமார் 21 நிமிடங்களே. லண்டனில் ஜூன் மாதம் இது முக்கால் மணிநேரம் நீளும்.

இரவின் நிறமும் இங்கே மாறிவிட்டது. பொதுச் சாலைகளின் செம்மஞ்சள் சோடியம் விளக்குகளை 2022-க்குள் எல்இடியாக்கும் திட்டத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் கையிலெடுத்தது. மின்சாரக் கணக்கில் அது சரியான முடிவு. படக்காரர்களில் சிலர் பழைய செம்மஞ்சளுக்கு ஏங்குகிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. சோடியம் ஒளியில் நீல அலைநீளங்கள் மிகக் குறைவு, அதன் கீழே நீலப் பட்டுப்புடவை கறுத்துப்போகும்; இல்லாத நிறத்தை எந்த லேபிலும் பிற்பாடு சேர்க்க முடியாது. வெள்ளை எல்இடிக்கு முன் ஆரஞ்சு ஜெலட்டின் தாளை ஒட்டிச் சோடியத்தைப் போலி செய்யலாம். இரவுக்கு வேண்டிய நிறத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு: 2018-இல் லொக்கார்னோ திரைப்பட விழாவின் தங்கச் சிறுத்தை விருதை வென்ற முதல் சிங்கப்பூர்ப் படமான யோ சியு ஹுவாவின் 'எ லேண்ட் இமாஜின்ட்', நியான் நிறங்களாலேயே தூக்கமற்ற ஒரு நகரத்தைக் கட்டிக் காட்டியது.

ஒளியூட்டு விளக்குகள் படத்தில் ஏன் வெள்ளைத் திட்டுகளாகிவிடுகின்றன என்பதற்கும் எல்இடியிலேயே விடை இருக்கிறது. சிவப்பு எல்இடியின் ஒளி அவ்வளவு செறிவானது. ஒளியை வாங்கும் கேமரா உணரியில் சிவப்புக்கான கிண்ணம் முதலில் நிரம்பி வழிந்து, பிறகு பச்சையும் நீலமும் மெல்ல நிரம்பி, மூன்றும் சமமானதும் கேமரா அதை வெள்ளை என்று எழுதிவிடுகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் கிண்ணம் வழியாது, நிறம் தங்கும்.

ஆகவே இந்தத் தீபாவளிக்கு ஒரு முயற்சி செய்து பாருங்கள். நவம்பர் தொடக்கத்தில் சிங்கப்பூரில் சூரியன் மாலை 6:50-ஐ ஒட்டி மறையும். மழை விட்ட ஒரு நாளில் அதற்குக் கால்மணி முன்னதாகவே கேம்பல் லேனுக்குப் போய்விடுங்கள். இரவுப் பயன்முறையை அணைத்துவிட்டு, திரையில் பூக்கடையின் பல்பைத் தொட்டு, பக்கத்தில் வரும் சின்னச் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். சுவர் கறுத்துப்போகும்வரை இழுங்கள். விளக்குக்கு முதுகைக் காட்டாமல் அதற்கு எதிரே நில்லுங்கள். மாலை கட்டுபவரிடம், "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். 7:10-க்கெல்லாம் வானத்தின் நீலம் போய்விடும்.